இமையோரத்தில் அடைத்த எண்ணெய்

காலையில் பல் துலக்கும்போது பார்த்தால் இடது கண் சிவந்திருக்கும். தெருமுனை மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவேன். இரண்டே நாளில் வெளுத்துவிடும். பத்து நாள் கழித்து மறுபடி சிவக்கும், மறுபடி மெடிக்கல். இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

விழியின் வெள்ளைப் பகுதியை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்தால் கண் சிவக்கும். தூசி, கிருமி, ஒவ்வாமை, வறட்சி என்று எது சீண்டினாலும் அவை விரியும். காய்ச்சலைப் போலவே சிவப்பும் ஒரு அறிகுறிதான், நோய் வேறெங்கோ இருக்கிறது. 'மெட்ராஸ் ஐ' என்றால் ஒன்றிரண்டு வாரம் படுத்திவிட்டுப் போய்விடும். திரும்பத் திரும்ப வருவதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

என் விஷயத்தில் காரணம் விழியில் இல்லை, இமையில் இருந்தது. டாக்டர் என் கீழிமையின் ஓரத்தைப் பஞ்சுக்குச்சியால் மெல்ல அழுத்தி, கேமராத் திரையில் காட்டினார். நல்ல கண்ணில் தெளிந்த எண்ணெய் துளிர்க்க வேண்டிய இடத்தில், டியூப்பிலிருந்து பற்பசை பிதுங்குவதுபோல் வெள்ளையாக எதுவோ வந்தது.

ஒவ்வொரு இமையிலும் இருபது முப்பது எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. 1666-ல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். அவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் ஏடுபோலப் படர்ந்து அதை ஆவியாகாமல் காக்கிறது. சுரப்பி அடைத்தால் ஏடு கிழியும், கண் காயும், உறுத்தும், சிவக்கும். பொடுகுத் தொல்லை உள்ளவர்களிடம் இமையோர அழற்சியை அதிகம் பார்க்கலாம். நாள் முழுக்கக் கணினியையோ செல்போனையோ பார்ப்பவர்கள் கண் சிமிட்டுவது குறைவதால் வறட்சி இன்னும் கூடும்.

மருந்தைவிட இதற்கு வெந்நீர் முக்கியம். சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக விரலால் நீவி, இமைமயிரின் வேரைத் துடைக்க வேண்டும். தினம் இருமுறை, வாரக்கணக்கில். எனக்கு மூன்றாவது வாரம்தான் பலன் தெரிந்தது. உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு உதவும். தேவைப்பட்டால் டாக்டர் மாத்திரையும் தருவார்.

ஒவ்வாமை வேறு கதை. கண் அரித்துக்கொண்டே இருக்கும், நூல் நூலாகப் பீளை வரும். வெயில் காலத்தில் சிறுவர்களிடம் இது அதிகம். சூடு வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம்தான் வேண்டும். பிள்ளை கண்ணைக் கசக்க விடாதீர்கள். கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பிப்போய்ப் பார்வை கெட்ட பிள்ளைகள் உண்டு.

வெளிச்சம் பட்டால் கூசி வலிக்கிறது, கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கிறது என்றால் அழற்சி விழிக்குள்ளேயே இருக்கலாம். இதுவும் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் முதுகெலும்பு வாதத்தோடு சேர்ந்து வரும். கண்ணுக்கு வந்தவர்களிடம் டாக்டர் இடுப்பைப் பற்றி விசாரிப்பது அதனால்தான்.

நான் பயப்படுவது சிவப்பை மட்டும் மறைக்கும் குப்பிகளைப் பார்த்து. ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, விட்டதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்க வைக்கும். ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. அது எந்தச் சிவப்பையும் தணிக்கும். அதனாலேயே நல்ல மருந்தென்று நம்பிவிடுகிறோம். வயலில் நெல்தாள் கீறிப் பூஞ்சைப் புண் வந்த கண்ணிலோ, ஹெர்பிஸ் கிருமி தாக்கிய கண்ணிலோ போட்டால் புண் ஆழமாகும். மாதக்கணக்கில் போட்டால் கண்புரை வரலாம். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு சாகும். விழிக்குள் அழற்சி என்றால் டாக்டரே ஸ்டீராய்டு தருவார், ஆனால் அழுத்தத்தை அளந்து அளந்துதான் தருவார். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு.

வலி, பார்வை மங்கல், வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் உடனே கழற்றிவிட்டுப் போங்கள். அதுவரை போட்ட குப்பிகளையெல்லாம் ஒரு பையில் எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோனது ஏழு. டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து, ஐந்தைத் தனியே ஒதுக்கி வைத்தார். ஐந்திலும் இருந்தது ஒரே ஸ்டீராய்டு, வேறு வேறு பெயரில்.