‘இலவச’ விளையாட்டின் கணக்கு

“சார், அது ஃப்ரீ கேம்” என்றான் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பதிவிறக்கம் இலவசம்தான். உருவாக்கியவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டை ஷாங்காயின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்டது. கைப்பேசி, கணினி, பிளேஸ்டேஷன் மூன்றிலும் ஒரே நாளில். அத்தோடு வேலை முடியவில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. புதிய கதை, புதிய நிலப்பரப்பு, முக்கியமாகப் புதிய கதாபாத்திரங்கள். (நம் பாடநூல் இந்த வேகத்தில் மாறினால் நம் கதி?)

அந்தக் கதாபாத்திரங்களைப் பெரும்பாலும் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். சிறுவயதில் பெட்டிக்கடை அட்டையில் சீட்டுக் கிழித்துப் பரிசு பார்த்தோமே, அதே முறை. குலுக்குவதற்கான நாணயத்தை விளையாடியும் சேர்க்கலாம். பொறுமையில்லாதவர் பணம் கொடுத்து வாங்கலாம்.

கதாபாத்திரக் குலுக்கலில் ஐந்து நட்சத்திரம் விழ ஒரு முயற்சிக்கான அடிப்படை நிகழ்தகவு 0.6 சதவீதம். 90 முயற்சிக்குள் ஒன்று உறுதி. அது விரும்பியதாகவே இருக்கும் என்பதில்லை.

வகுப்பில் இதையே கணக்காக்கினேன். 0.994-ஐப் பத்து முறை பெருக்கச் சொன்னேன். விடை 0.94. அதாவது பத்து முறை எடுத்தும் ஐந்து நட்சத்திரம் விழாமல் போக 94 சதவீத வாய்ப்பு! வகுப்பே அமைதியானது. நிகழ்தகவு நடத்த இனி பகடை தேடமாட்டேன்.

2025 ஜனவரியில் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், இதை அங்கே வெளியிடும் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றிக் குலுக்கல் விற்கக் கூடாது என்பதும் உடன்பாட்டில் உண்டு.

“அப்பா போன்ல நான் எத்தனை தடவை எடுத்தேன்னு பார்க்கலாமா சார்?” என்றான் அதே மாணவன். குலுக்கல் பதிவு விளையாட்டிலேயே இருக்கிறது. எண்ணி எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.