எண்ணெய் மறைந்தால் போதுமா?

ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் உருவான கார்களுள் பல, எண்ணூர்த் துறைமுகம் வழியாகவே கப்பலேறின. ஆதலின் அக்கடற்கரையின் துயரம் திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு அயலானதன்று. அங்கே பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வினவினார்: “ஆலைத் தரையில் சிந்தும் எண்ணெயை மருந்து ஊற்றிக் கழுவிவிடுகிறோம். கடலில் மட்டும் ஏன் வாளியால் அள்ளினார்கள்?”

நியாயமான கேள்விதான். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் எண்ணெய்க் கப்பலும் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்னும் எரிவாயுக் கப்பலும் மோதிக்கொண்டன. கசிந்தது சரக்கு அன்று. கப்பலை இயக்கும் கனத்த எரிஎண்ணெய். முதலில் கசிவே இல்லை என்றார்கள்! பின்னர் எர்ணாவூர்க் கரையில் அது தார்ச் சேறாகத் திரண்டு நின்றது. மீனவரும் மாணவரும் கடலோரக் காவல் படையினரும் நாள்கணக்கில் அள்ளினர். வெறுங்கையால் அள்ளியவரும் உண்டு.

எண்ணெயைக் கரைக்கும் மருந்து, சவர்க்காரத்தின் உறவினமே. அதன் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றும். அலை கலக்கும்போது எண்ணெய்ப் படலம் நுண்துளிகளாகச் சிதறி நீருக்குள் இறங்கும். பாத்திரத்தின் பிசுக்கு சாக்கடைக்குப் போவதேயன்றி அழிந்துபோவதில்லை என்பதை நம் தாய்மார் அறிவர், இங்கும் அதுவே. அத்துளிகளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கக் காலமும் ஆழமும் வேண்டும். நடுக்கடலில், புதிதாய்ச் சிந்திய எண்ணெய்மீது தெளித்தால் கரையும் பறவைகளும் தப்பும். கரையோரத்து ஆழமற்ற நீரிலோ, மீன்குஞ்சும் இறாலும் வாழுமிடத்துக்கே நஞ்சை இறக்கியதாகும். மேலும், கடல்நீரோடு குழைந்து இறுகிய எண்ணெயில் மருந்து ஏறுவதில்லை.

இப்பாடத்தை உலகம் விலை கொடுத்தே கற்றது. 1967-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே ‘டாரி கேன்யன்’ கப்பல் உடைந்தபோது, ஏறத்தாழ 10,000 டன் சலவை மருந்தைக் கொட்டினர். பாறைகளில் ஒட்டி வாழ்ந்த சிற்றுயிர்கள் எண்ணெயினும் மருந்தாலேயே மிகுதியாக மாண்டன. மருந்து படாத கரைகள் விரைவில் தேறின! இன்றைய மருந்துகள் நச்சுக் குறைந்தவை. எனினும் 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 70 லட்சம் லிட்டர் தெளித்தது சரிதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. அலையாத்தி மரங்கள் நிற்கும் அவ்விடம் மருந்து தெளிக்கத்தக்கதன்று. மிதவைத் தடுப்புகள் இட்டனர். மீனவர் படகிலிருந்து குவளையால் மொண்டு பீப்பாய்களை நிரப்பினர். வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. நிவாரணம் கேட்டு அவர்கள் சாலையில் நிற்கவும் நேர்ந்தது.