நரம்பு மின்தூண்டலும் கட்டுவிரியன் நஞ்சும்

நரம்பு செல்கள் மூளையின் கட்டளைகளை மின்தூண்டல்களாகத் தசைகளுக்குக் கடத்துகின்றன. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமைகள் சரிவதும் மூச்சு நிற்பதும் ஏன் என்பது, இக்கடத்தல் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைக் கொண்டு விளங்கும்.

மின்தூண்டல் உருவாதல்

நரம்பு செல்லின் சவ்வில் உள்ள பம்பு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதால், ஓய்வுநிலையில் செல்லின் உட்புறம் ஏறத்தாழ –70 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் இருக்கும். போதிய தூண்டல் கிடைத்ததும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, அவ்விடம் நேர்மின் தன்மை அடைகிறது. உடனே பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. ஏறத்தாழ 1 மில்லிவினாடியில் இது முடிந்துவிடும். ஓரிடத்து மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்டுவதால், மின்தூண்டல் ஆக்சான் வழியே ஓடுகிறது. ஊசிக்கணவாயின் தடித்த ஆக்சானை ஆராய்ந்து இதை 1952-இல் விளக்கிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தசைக்குச் செல்லுதல்

ஆக்சான் நுனிக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. மின்தூண்டல் அதைத் தாண்டாது. நுனியிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையின் ஏற்பிகளில் ஒட்டியதும் தசை சுருங்குகிறது.

நஞ்சின் செயல்

நல்ல பாம்பின் நஞ்சு தசையின் ஏற்பிகளை அடைக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பு நுனியையே சிதைக்கிறது. மின்தூண்டல் வந்தாலும் தசைக்குச் செய்தி போய்ச் சேராது. முதலில் இமை சரியும், பேச்சு குழறும். பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அசைவற்றுக் கிடந்தாலும் நினைவு இருக்கக்கூடும்.

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலம் கோடையில் வெடித்துப் பிளவுபடும். அப்பிளவுகளும் எலி வளைகளும் பாம்புகளுக்குப் புகலிடம். இரவில் இரை தேடும் கட்டுவிரியன், தரையில் உறங்குபவரைக் கடிப்பதுண்டு. வலியும் வீக்கமும் குறைவு. பற்குறி தெரியாமலும் போகலாம். எனவே பலர் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகின்றனர். விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைச்சரிவும் தோன்றினால் கட்டுவிரியன் கடி என ஐயுற வேண்டும்.

சிகிச்சை

நச்சுமுறிவு மருந்து இரத்தத்தில் உள்ள நஞ்சை முறிக்கும். சிதைந்த நுனிகளைச் சரிசெய்யாது. அதனால் நுனிகள் சேதமடையும் முன்பே அதைச் செலுத்துவது நல்லது. நுனிகள் மீண்டும் வளரும் வரை, சில நாட்கள் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். மூச்சு தடைபடாமல் காத்தால் நோயாளி பிழைப்பார். கீறுவதும் இறுகக் கட்டுவதும் மந்திரிப்பதும் பயன் தராமல் நேரத்தைத் தின்னும். கடிபட்டவரை நடக்க விடாமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.