வாள்வீச்சு மட்டுமா ஜப்பானியப் படம்?

பழம்படங்களைப் பொறுக்கியெடுத்து, வரிசையாகத் திரையிடும் அரங்குகள் டோக்கியோவிலே உண்டு; பாரிசிலே, நியூயார்க்கிலே உண்டு. 'ஜப்பானியப் படவரிசை' என்று சுவரொட்டி கண்டால் போதும், உள்ளே என்ன இருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வெனிஸ் விழாவிலே 1951-இல் தங்கச் சிங்கம் வென்ற 'ராஷோமோன்'. 1954-இன் 'ஏழு சாமுராய்'. பிறகு மேலும் சில வாள்வீச்சு! நல்ல படங்கள்தாம், யார் மறுத்தார்? ஆனால், வரிசை வகுத்தவர் எதை விட்டார் என்று கேட்கவேண்டாமா?

'ராஷோமோன்' எடுத்த குரோசாவா, டோஹோ கம்பெனியிலே தொழில் கற்றவர். அந்தப் படத்தை டாயே என்ற வேறு கம்பெனிக்கு எடுத்தாரே, ஏன்? அங்கேதான் இருக்கிறது கதை!

1948-இல் டோஹோ முதலாளிகள் ஆட்குறைப்பு என்றனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, ஸ்டுடியோவுக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். நடிகரும், டைரக்டரும், விளக்குத் தூக்குவோரும் ஓரணி. ஆகஸ்ட் 19 அன்று ஏறத்தாழ 2,000 போலீசார் சூழ்ந்தனர். துணைக்கு அமெரிக்கப் படையின் டாங்கிகள், தலைக்குமேல் விமானம்! வராதது போர்க்கப்பல் ஒன்றுதான் என்று அந்நாளில் பேச்சு வழங்கிற்று. அக்டோபரில் போராட்டம் முடிந்தது. சங்கத்தின் முன்னணியினர் வேலை துறந்தனர். குரோசாவாவும் சில ஆண்டுகள் பிற கம்பெனிகளுக்கே படமெடுத்தார்.

வெளியே வந்தவர்கள் சும்மா இருந்தனரா? இல்லை! காசில்லை, ஸ்டுடியோ இல்லை; மக்களிடம் சென்றனர். டடாஷி இமாய் 1951-இல் எடுத்த 'டொக்கோய் இகிதேரு', பொதுமக்களிடம் சிறு சிறு பங்குகளாகத் திரட்டிய பணத்திலே உருவானது. விடியுமுன்னே வேலைக்காகக் காத்து நிற்கும் டோக்கியோ தினக்கூலிகளின் கதை. குடிசை இழந்து, மனைவி மக்களோடு சாகத் துணிந்தவன், குளத்தில் விழுந்த மகனைக் காப்பாற்றியதும் மறுபடி அந்தக் கூட்டத்திலேயே வந்து நிற்கிறான். வாளேது அங்கே? வயிறுதான்!

பூமியோ கமெய் 1953-இல் எடுத்த சுரங்கப் படத்துக்கு ஹொக்கைடோ நிலக்கரித் தொழிலாளரே பணம் போட்டனர். அதிலே சுரங்கத்தில் உழைக்கும் தாயாக நடித்த இசுசு யமடாதான், 1957-இல் குரோசாவாவின் 'ரத்த சிம்மாசன'த்திலே கொலைகாரச் சீமாட்டி. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் அந்த அம்மையாரின் திறம் எத்தகையது என்பது விளங்கும். காட்டத்தான் ஆளில்லை.

ஹிரோஷிமாவைப் பற்றி ஆசிரியர் சங்கத்தின் ஆதரவில் இரண்டு படங்கள் வந்தன. 1952-இல் கனெட்டோ ஷிண்டோவின் படம். அழவைக்கிறது, ஆத்திரம் இல்லை என்று சங்கத்துக்கே மனக்குறை. மறு ஆண்டே ஹிடியோ செகிகாவாவைக் கொண்டு இன்னொன்று. சில காட்சிகளை வெட்டினால்தான் வெளியிடுவோம் என்றது பெரிய கம்பெனி. சங்கம் மறுத்துத் தானே வெளியிட்டது.

என்னிடம் கேட்டால், இவ்விரண்டையும் ஒரே ஞாயிறு பகலில் போடுவேன். இடையே விளக்கேற்றி, அரைமணி நேரம் பார்த்தவர்களைப் பேசவிடுவேன். 'ஏழு சாமுராய்' என்ன ஆவது என்கிறீர்களா? மூன்று மணி இருபத்தேழு நிமிடம் ஓடுமே! அது சனிக்கிழமை இரவு வரட்டும்.