பனகல் பார்க்: ஏரியில் பிறந்த சதுக்கம்... சுற்றி இருந்த வீடுகள் என்ன ஆச்சு?

பூந்தமல்லியையும் கலங்கரை விளக்கத்தையும் இணைக்கும் மெட்ரோ 4-வது வழித்தடத்தின் நீளம் 26.1 கி.மீ. போரூர், வடபழனி தாண்டி கோடம்பாக்கத்தில் தரைக்கடியில் இறங்கும் இந்தப் பாதையில் ஒரு நிலையத்தின் பெயர் பனகல் பார்க். பூந்தமல்லி, போரூர் மக்களுக்கு தி.நகர் என்றால் தீபாவளி ஜவுளி, கல்யாணப் பட்டு, ரங்கநாதன் தெரு நெரிசல். ஆனா அந்த நிலையத்துக்கு மேலே இருக்கிற சதுக்கம் கடைகளுக்காகப் போட்டதே கிடையாது. சென்னையில் திட்டம் போட்டு உருவாக்கிய முதல் பெரிய குடியிருப்புகளில் ஒன்று அது.

ஏரிக்குள் ஒரு ஊர்

100 வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்தது தண்ணீர். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாகக் கிடந்த ஏரி. ஆங்கிலேயர்கள் வைத்த பெயரே 'லாங் டேங்க்'. நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு லேக் மட்டும்தான் இல்லை!

1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஜார்ஜ் டவுனில் ஜனநெருக்கடி அதிகமாகிக்கொண்டே போன காலம் அது. நடுத்தர மக்கள் வீடு கட்ட இடம் வேண்டும் என்று அரசின் பார்வை ஏரி மேல் விழுந்தது. 1923 வாக்கில் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து மனை பிரிக்கும் வேலை தொடங்கியது. நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சமிருந்த பகுதியும் பின்னால் காணாமல் போனது. அங்கேதான் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழும்பியது.

மேப்பைத் திறந்து பனகல் பார்க்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் பூங்கா. அதிலிருந்து விசிறி மாதிரி சாலைகள் பிரிகின்றன. வடகிழக்கே ஜி.என். செட்டி சாலை, கிழக்கே தியாகராய சாலை, தென்கிழக்கே வெங்கடநாராயணா சாலை. மேற்கே வடக்கும் தெற்குமாக உஸ்மான் சாலை. பேப்பரில் கோடு போட்டு, பிறகு தரையில் போட்ட தெருக்கள் இவை. சென்னையின் பழைய பேட்டைகளில் இந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது.

தெருப்பெயரே ஒரு கட்சி வரலாறு

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. ஊருக்குப் பெயர் கொடுத்தவர் அதன் தலைவர் சர் பிட்டி தியாகராயர். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது முதல்வர் பதவி தேடி வந்தும் மறுத்தவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தவர். 1925-ல் இறந்தார். பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் ராஜா என்கிற ராமராயநிங்கார், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. வகுப்புவாரி அரசாணையும் கோயில் நிர்வாகத்துக்கான இந்து அறநிலையச் சட்டமும் அவர் காலத்தவை.

உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் அந்தக் கட்சிக்காரர்கள்தான். பாண்டி பஜாரை பாண்டிச்சேரியோடு சேர்த்து நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பெயரில் 'பாண்டி' மட்டும் ஊர் வாயில் தங்கிவிட்டது.

பங்களாக்களின் காலம்

1931-ல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்தில் வீடு கட்டுவது லாபமானது. காலையில் ரயிலேறினால் பாரிமுனை ஆபீஸ். வக்கீல்கள், அதிகாரிகள், பேராசிரியர்கள் வந்தார்கள். பல கிரவுண்டு மனை, நடுவில் வீடு, சுற்றிலும் மாமரம், தென்னை. பிறகு கோடம்பாக்கம், வடபழனியில் ஸ்டூடியோக்கள் பெருகப் பெருக சினிமாக்காரர்களும் வந்தார்கள். ரயில் பாலம் தாண்டினால் ஷூட்டிங்!

இன்றும் பேர் சொல்லும் வீடுகள் சில. பசுல்லா சாலையில் ராஜாஜி வாழ்ந்தார். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக டெல்லி அரண்மனையில் இருந்துவிட்டு வந்த மனிதர் இந்தத் தெருவாசி. திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர். 9 ஆண்டு முதல்வராக இருந்தவர், வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2-ல் அங்கேயே உயிர்விட்டார். அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒரே பேட்டைக்காரர்கள்!

ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆரின் அலுவலகமாக இருந்த வீட்டில் அவருடைய அம்பாசடர் காரும், பாடம் செய்யப்பட்ட சிங்கமும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சிங்கத்தைப் பார்க்கத்தான் முதலில் ஓடுவார்கள். தெற்கு போக் சாலையில் சிவாஜி கணேசனின் 'அன்னை இல்லம்'. சாலைக்கே இப்போது செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர். ஹென்ஸ்மன் சாலை கண்ணதாசன் சாலையாகிவிட்டது.

எந்த வீடு தப்பியது, ஏன்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காமராஜர் வீடும் எம்.ஜி.ஆர். வீடும் நினைவு இல்லம் ஆனதால் தப்பின. அன்னை இல்லத்தில் குடும்பம் வாழ்வதால் அது நிற்கிறது. அதுகூட சும்மா நிற்கவில்லை. சினிமாத் தயாரிப்புக் கடன் வழக்கு ஒன்றில் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வீட்டை ஜப்தி செய்ய உத்தரவிட்டது. வீடு நடிகர் பிரபுவுக்கு மட்டுமே சொந்தம் என்ற வாதத்தை ஏற்று ஏப்ரலில் அந்த உத்தரவு நீக்கப்பட்டது.

பெரிய பெயர் இல்லாத நூற்றுக்கணக்கான பங்களாக்களுக்கு இந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அப்பா போனபிறகு 4 பிள்ளைகள் பங்கு கேட்டால், வீட்டை நாலாக வெட்ட முடியாது. இடித்து ஃபிளாட் கட்டினால் ஆளுக்கு ஒன்று. பூங்காவைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியதும் அதைவிட எளிதான கணக்கு: ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ விற்றுவிடுவது. விற்றவர்களைக் குறை சொல்வது சுலபம். பழைய வீட்டைப் பராமரிக்க அவர்களுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் காப்பாற்றாதா?

மத்திய தொல்லியல் துறையும் மாநிலத் தொல்லியல் துறையும் பெரும்பாலும் கோயில், கோட்டை, கல்வெட்டு பக்கம்தான். 1930-களின் தனியார் வீடு அவர்கள் வளையத்துக்குள் வருவது அபூர்வம். 2010-ல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் சென்னையின் 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கச் சொன்னது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆணையம் அமைய 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட 12 வருஷத்தில் புல்டோசர் காத்திருக்கவில்லை.

அரசு கையகப்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போயஸ் கார்டனில் ஜெயலலிதாவின் வேதா நிலையத்தை நினைவு இல்லமாக்க எடுத்த நடவடிக்கையை 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சாவி வாரிசுகளிடம் போனது. அதாவது தலைவர் வீடு என்பதற்காக மட்டும் அரசு எடுத்துக்கொள்ள முடியாது. வாரிசுகள் தானாகக் காப்பாற்ற வேண்டும் என்றால், பாரம்பரியப் பட்டியல் மட்டும் போதாது. வீட்டு வரியில் சலுகை, கட்டாமல் விட்ட கட்டுமான உரிமையை வேறு இடத்துக்கு விற்கும் வழி போன்றவை கைக்கு எட்ட வேண்டும்.

ஏரி மறக்கவில்லை

2015 வெள்ளத்திலும் 2021 நவம்பர் மழையிலும் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். மாம்பலம் கால்வாய் அடைப்பு, வடிகால் வேலை தாமதம் என்று காரணங்கள் பல. அவற்றோடு இன்னொன்று: தண்ணீர் தன் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வரும். அந்தக் கால பங்களாக்களில் வீட்டைச் சுற்றி மண் இருந்தது, மழையை அது குடித்தது. இப்போது சுவரோடு சுவராக சிமெண்ட்.

அடுத்த முறை பட்டு எடுக்கப் போகும்போது ஒரு அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பனகல் பார்க்கில் இருந்து திருமலைப்பிள்ளை சாலை காமராஜர் இல்லத்துக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியில் ஜி.என். செட்டி சாலையில் நகைச்சுவை மன்னர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலை நிற்கும். 1969 ஜனவரி 14-ல் அதைத் திறந்துவைத்தவர் முதல்வர் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசி பொது நிகழ்ச்சியாகச் சொல்லப்படுவது அதுதான். 20 நாளில் அவர் மறைந்தார்.