'ஒரு ஸ்டடி இருக்கு, சேர்றீங்களா?' - மருத்துவ ஆய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்...

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓ.பி.யில் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார் அம்மா. சுகருக்கு மாத்திரை வாங்க வந்தவரிடம் ஓர் இளம் டாக்டர், "ஒரு ஸ்டடி நடக்கப்போகுதும்மா, சேர்றீங்களா? டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ" என்கிறார். பக்கம் பக்கமாக ஒரு படிவம் கைக்கு வருகிறது. உடனே வீட்டுக்கு போன்: "கையெழுத்துப் போடவா, வேணாமா?"

பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள்தான். "நம்மள எலி மாதிரி யூஸ் பண்ணுவாங்க, கிளம்பி வந்துடுங்க" என்பது ஒன்று. "பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்றார், போட்டுடுங்க" என்பது இன்னொன்று. படிவத்தைப் படிக்காமல் சொல்லும் வரை இரண்டுமே அவசரப் பதில்கள்தான்.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். 1950-களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒன்று சோதித்துப் பார்த்தது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் இன்னொரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. இன்று உலகம் முழுக்க காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை எடுக்க முடிகிறதென்றால், அதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குலுக்கல் எதற்கு?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். 'எனக்கு எது நல்லதோ அதை டாக்டர் தருவார்' என்று நினைத்தே ஆய்வில் சேர்கிறார்கள். ஆனால், யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதை டாக்டர் தேர்வு செய்வதில்லை. பெரும்பாலும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. சில ஆய்வுகளில், மருந்தே இல்லாத டம்மி மாத்திரையும் கிடைக்கலாம். எது கிடைத்தது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020-ல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மீது உலகத்துக்கே அவ்வளவு நம்பிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ரெக்கவரி' ஆய்வு குலுக்கல் முறையில் சோதித்தபோது, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளை அது காப்பாற்றவில்லை எனத் தெரிந்தது. அதே ஆய்வில், பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மலிவான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குலுக்கல் இல்லையென்றால் இரண்டுமே வாட்ஸ்அப் நம்பிக்கையாகத்தான் நின்றிருக்கும்.

கம்பெனி ஆய்வு வேறு, கல்லூரி ஆய்வு வேறு

புது மருந்து முதலில் சில பத்துப் பேரிடமும், பிறகு சில நூறு பேரிடமும், மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடமும் சோதிக்கப்படும். எந்தக் கட்டம் என்று கேளுங்கள்; முதல் கட்டம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டும். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்துவதில் பெரும்பகுதி வேறு வகை. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ கொடுத்துப் பார்ப்பது. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, விற்பனை அனுமதிக்காக அல்லாமல் நடத்தப்படும் இந்த 'அகாடமிக்' ஆய்வுகளுக்கு, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தால் போதும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. பின்னால் பணக்கார கம்பெனியும் இருக்காது. எனவே, 'ஏதாவது ஆனால் செலவு யாருடையது' என்ற கேள்வி இங்கே கூடுதல் முக்கியம். பதில் வாய்வார்த்தையாக இல்லாமல் படிவத்தில் இருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு என்றால் டாக்டர்கள் மட்டும் அல்ல. குறைந்தது 7 பேர்; அதில் சட்டம் தெரிந்தவர், மருத்துவத் துறை சாராத ஒரு சாமானியர், ஒரு பெண் கட்டாயம். தலைவர் அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. 2009-ல் அன்றைய ஆந்திரத்திலும் குஜராத்திலும் ஹெச்.பி.வி தடுப்பூசித் திட்டம் ஒன்றில் சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. 7 சிறுமிகள் இறந்தபின் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால், ஆந்திரத்தில் பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகச் சாடியது. இப்போது புதிய மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது

தமிழில் படிவம் கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். மறுக்கலாம். சேர்ந்தபிறகு பாதியில் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். இதனால் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. "சேரலைன்னா மாத்திரை கிடைக்காது" என்று யாராவது சொன்னால் அதுவே விதிமீறல். கையெழுத்துப் போட்டால் ஒரு நகல் உங்களுக்குச் சேர வேண்டும்; பலர் வாங்காமலே வந்துவிடுகிறார்கள்.

மருந்து நிறுவனங்களின் ஆய்வில் உடல்நிலை மோசமானால் இலவச சிகிச்சை தர வேண்டும். மரணம் போன்ற தீவிர பாதிப்புகளை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வால்தான் மரணம் என்று முடிவானால் இழப்பீடு உண்டு. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயது, நோயின் தீவிரம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு சூத்திரப்படி தொகை கணக்கிடப்படும்.

டாக்டர் சொன்னதைச் சரிபார்க்க போனே போதும். ஐ.சி.எம்.ஆர் நடத்தும் சி.டி.ஆர்.ஐ என்ற பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே பதிவு செய்த ஆய்வுகளைத்தான் இது ஏற்கிறது. அதனால் இனி தொடங்கவிருக்கும் ஆய்வுகளையும் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்தெந்த மருத்துவமனை, பணம் கொடுப்பது யார், யார் சேரலாம், நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்துவிட்டதா, பொதுமக்கள் யாரிடம் கேட்க வேண்டும் என எல்லாம் வரும். பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அம்மாவுக்காக அதை உட்கார்ந்து படிக்கும் வேலை பிள்ளைகளுடையது. பதிவு எண்ணைக் கேளுங்கள். 'நம்பர் எல்லாம் எதுக்கு' என்று இழுத்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.