கேட்டுக்கு உள்ளே போக வழி என்ன?

டோல்கேட்டில் பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் போனா, வழியெல்லாம் கம்பெனி காம்பவுண்டுதான். ஷிப்ட் சங்கு கேட்டு மணி சொல்ற வீடுங்க நம்ம பக்கம் நிறைய. ஆனா பிளஸ் டூ முடிச்ச அண்ணன்களைக் கேட்டா, "உள்ளே போக ஆள் தெரியணும்டா"ன்னு சொல்வாங்க. அது பாதி உண்மை. சட்டம் தெரிஞ்சாலும் கொஞ்சம் தூரம் போகலாம்.

முதல்ல 2 சதவீதக் கணக்கு. 2013-ம் வருஷ கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. ஒரு வருஷ நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதுக்கு மேல இருந்தா, அந்தக் கம்பெனி தன் மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். லாபம் 8 கோடி, 10 கோடி, 12 கோடி என்றால் சராசரி 10 கோடி. அதில் 2 சதவீதம் 20 லட்சம். கல்வியும் தொழிற்பயிற்சியும் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கு. கம்பெனி இருக்கிற ஊருக்கு முன்னுரிமை தரணும்னும் எழுதியிருக்கு. அதனால அந்தப் பணம் தர்மம் கிடையாது. எவ்வளவு, எதுக்குச் செலவாச்சுன்னு கம்பெனியின் ஆண்டறிக்கையில் யாரும் பார்க்கலாம். பையும் நோட்டும் குடுத்தா சந்தோஷம்தான். ஆனா பை ஒரு வருஷத்தில் கிழிஞ்சுடும். வெல்டிங் கத்துக் குடுத்தா அந்த வித்தை கையிலேயே இருக்கும்.

அடுத்தது அப்ரண்டிஸ். இது வேற சட்டம், 1961-ல் வந்தது. 30 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்தில், மொத்த ஆளில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும். கான்ட்ராக்ட் ஆளுங்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 14 வயசு ஆனா சேரலாம், ஆபத்தான தொழில்னா 18. மாசாமாசம் உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடிச்சவங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லணும்: பயிற்சி முடிஞ்சதும் வேலை குடுக்கணும்னு கட்டாயம் இல்லை. சான்றிதழ் கிடைக்கும், அதை வச்சு வேற கேட்டைத் தட்டலாம்.

சொந்தமா பட்டறை போடணும்னு ஆசைப்படறவங்களும் நம்ம வகுப்பில் இருக்காங்க. எம்.ஆர்.எஃப். எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? 1946-ல், இதே திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில், கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செஞ்சார். ஆமாம், குழந்தைங்க ஊதற பலூன்! டயர் தேய்ஞ்சா மேலே ஒட்டற ரப்பருக்கு வந்தது 1952-ல். டயர் அதுக்கும் பிறகுதான்.

சின்னத் தொழிலுக்குப் பணம் மட்டும் போதாது, பக்கத்தில் இருந்து சொல்லித் தர ஆள் வேணும். 1992-ல் லட்சுமி வெங்கடேசன் தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் இதைத்தான் செஞ்சது. ஜே.ஆர்.டி. டாட்டா அதன் முதல் தலைவர். தொழில் தொடங்கற இளைஞருக்குக் கடனுக்கு வழி காட்டி, கூடவே அனுபவசாலி ஒருத்தரை வழிகாட்டியா சேர்த்துவிடுவாங்க. சென்னையிலும் வேலை செஞ்சிருக்காங்க.

ஆனா என்னைக் கேட்டா, பெரிய கம்பெனி சின்னப் பட்டறைக்குச் செய்யற முதல் உதவி பில் பணத்தை நாள் தவறாம குடுக்கறதுதான். பணம் வரலைன்னா லேத் ஓடாது, ஆளுக்குக் கூலி குடுக்க முடியாது. 2006-ம் வருஷ சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது, இழுத்தா வட்டிக்கு வட்டி போட்டுத் தரணும். இதைக் கேட்க பட்டறைக்கு உத்யம் பதிவு இருக்கணும். அது இலவசம். பட்டறை வச்சிருக்கிற அப்பா, மாமா கிட்ட இன்னிக்கே கேளுங்க, பதிவு இருக்கான்னு.

அப்ரண்டிஸ் பதிவும் இன்டர்நெட்டில்தான், அதுக்கும் காசு கிடையாது. யாராவது பணம் கேட்டா குடுக்காதீங்க. பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்து வையுங்க. மூணிலும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க.